பெட்டிக்குள் போகாதது

சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் நெஞ்சின் மேல் வெள்ளைச் சாமந்திகளைப் பரப்புகிற சாக்கில், ரியோஹே தன் தோல் கைப்பட்டைகள் இரண்டையும் பூக்களுக்கு அடியில் செருகினான். ஜிம்னாஸ்டிக்ஸில் உயரக் கம்பியில் சுழலும்போது உள்ளங்கையைக் காக்கும் பட்டைகள். போன மாதம் மூன்றாவது தேசியப் பட்டம் வாங்கித் தந்தவை. புதிது வாங்கினால் கைக்குப் பழக ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். உலகப் போட்டிக்கான தேர்வுக்கோ மூன்றே வாரம். இவை பெட்டியோடு எரிந்து போனால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கம்பியை விட்டு அந்தரத்தில் புரளப் பயப்படாதவன், பெற்றவளிடம் 'எனக்குப் போதும்' என்று சொல்லப் பயந்தான். இருபத்து நாலு வயதுக்கு வெட்கக்கேடுதான். ஆறு வயதில் அவனை முதன்முதலில் கம்பியில் தூக்கிவிட்டவள் அவள். அப்பாவிடம் மட்டும் போன வாரம் சொல்லியிருந்தான். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டிய மனிதர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, "சரிடா, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். முந்தாநாள் காலையில் போய்விட்டார்.

"அப்பாவுக்காக நீ ஜெயிக்கணும்டா. மேலேர்ந்து பாத்துக்கிட்டே இருப்பாரு" என்றார் பயிற்சியாளர் இசுமிதா. வந்தவர்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். இவர்கள் துக்கம் கேட்க வந்தார்களா, தேர்வு நடத்த வந்தார்களா என்று எரிச்சலாக இருந்தது. விடியுமுன்னே எழுந்து பஸ் எடுக்கப் போனவர். இனியாவது தூங்கக் கூடாதா?

மூடி போடுமுன் சடங்குக்காரர் பூக்களுக்குள் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்தார். அப்பாவின் மூக்குக் கண்ணாடியை முன்பே எடுத்துவிட்டிருந்தார். இப்போது பட்டைகள் வெளியே வந்தன.

"மன்னிச்சுக்குங்க. பக்கிள் இருக்கு. உலோகம் எதுவும் உள்ள போகக் கூடாது. எரியும்போது உருகி எலும்புல ஒட்டிக்கும்."

"அத மட்டும் அறுத்துட்டா?" என்றான் ரியோஹே அவசரமாக.

"தாராளமா வைக்கலாம் தம்பி. இருங்க, கத்தரிக்கோல் தர்றேன்."

அதற்குள் அம்மா சனாயே பட்டைகளை வாங்கிக்கொண்டாள்.

"பாவம், என்ன பண்றோம்னே தெரியல இவனுக்கு" என்று இசுமிதாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரிக் குனிந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா கிட்டே வந்து அவனது கறுப்பு டையைச் சரிசெய்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா சொன்னாருடா."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன். அவரு நிம்மதியாப் போகணும்ல?" பட்டைகளை அவன் கோட்டுப் பையில் போட்டு மேலே தட்டினாள். "இந்த ஒரு வருஷம்தான்."

மூடி விழுந்தது. தூக்குவதற்கு ஆறு பேர் வேண்டும். மகன் என்று தலைமாட்டுப் பக்கம் போய் ரியோஹே கையைக் கொடுத்தான்.

"டேய், நீ தூக்காத! தோள்பட்டை பிசகிடப் போவுது" என்று இசுமிதா அவனை ஒதுக்கிவிட்டு, தானே அந்தப் பக்கத்தைப் பிடித்தார்.

ரியோஹே அம்மாவைப் பார்த்தான். அவள் இசுமிதாவுக்கு நன்றி சொல்லித் தலை குனிந்துகொண்டிருந்தாள்.

பெட்டி அவனைக் கடந்து போனது. அவன் சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றான்.