வாசல் சர்வரின் முத்திரை

முத்திரை என்று சொன்னால்தான் மருத்துவமனையில் அவளை எல்லோருக்கும் தெரியும். அங்குள்ள மின்னஞ்சல் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்தக் கடிதம் கைக்கு வந்தாலும் அடியிலிருந்து மேலே படிப்பது அவள் வழக்கம். திருமண அழைப்பிதழைக்கூட அச்சகத்தின் பெயரிலிருந்துதான் தொடங்குவாள். மின்னஞ்சல் ஒரே தாவலில் போய்ச் சேர்வதில்லை. சர்வர் சர்வராகக் கைமாறிப் போகிறது. வாங்கிக்கொள்ளும் ஒவ்வொன்றும் தன் பெயரையும் நேரத்தையும் முந்தையதற்கு மேலே முத்திரையாகப் பொறித்துவிட்டே அடுத்ததற்கு அனுப்பும். அவளுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான்.

அன்று காலை அவளுடைய அண்ணி முகம் வாடி வந்து நின்றாள். அண்ணி கட்டட வரைவாளர். புதிய நூலகத்துக்கான போட்டிக்கு நான்கு மாதம் உழைத்து அவள் வரைந்ததை, கெடுவான நண்பகலுக்குப் பின் வந்தது என்று திருப்பியனுப்பியிருந்தார்கள்.

"நேத்து பதினொன்னு நாப்பதுக்கே அனுப்பிட்டேன்டி. உங்கண்ணன் வேற, 'நீ கெளம்பவே ஒரு மணி நேரம் ஆகும், உன் மெயில் மட்டும் சீக்கிரம் போயிடுமா'ங்கறார்."

"அண்ணன் கெடக்கட்டும். அவங்க திருப்பின மெயிலைக் காட்டுங்க அண்ணி."

மறுப்புடன் மூலக்கடிதமும், எல்லாச் சர்வர்களின் முத்திரைகளும் அடங்கிய முழுத் தலைப்போடு இணைந்திருந்தது. முத்திரை அடியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். அண்ணியின் அலுவலகச் சர்வர், பதினொன்று நாற்பத்தொன்று. இடைவழிச் சர்வர், நாற்பத்து மூன்று. போட்டி அலுவலகத்தின் வாசல் சர்வர், நாற்பத்து நான்கு. அதே அலுவலகத்தின் உள் சர்வர், பன்னிரண்டு நாற்பது!

அதை அச்செடுத்துக்கொண்டு இருவரும் நேரே போட்டி அலுவலகத்துக்குப் போனார்கள். செயலாளர் தாளைப் பார்த்துவிட்டு, "உங்க கடிகாரம் மெதுவா ஓடியிருக்கலாமேம்மா" என்றார்.

"இது எங்க கடிகாரமே இல்ல சார். உங்க வாசல் சர்வரோடது. மெயிலை வாங்கி வச்சுக்கிட்டு, உள்ள விட அம்பத்தாறு நிமிஷம் எடுத்திருக்கு."

செயலாளர் தம் கணினிப் பொறியாளரை அழைத்துக் கேட்டார். உண்மைதான், கடைசி நேரத்தில் குவிந்த பெரிய வரைபடங்களால் வாசலிலேயே வரிசை அடைத்துக்கொண்டிருந்தது. செயலாளர் உடனே பட்டியலில் 'தாமதம்' என்பதை அடித்து, 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அண்ணி துள்ளிக் குதிக்காத குறைதான். "வாடி, மொதல்ல உங்கண்ணன் மூஞ்சியைப் போய்ப் பாக்கணும்!"

முத்திரையின் பார்வை பட்டியலைவிட்டு நகரவில்லை. அதில் இன்னும் பதினேழு 'தாமதம்' இருந்தன.

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. "அடிப்பாவி, எனக்கே போட்டிக்கு ஆள் சேக்கப் போறியா?"

"அவங்களும் வாசல்ல நின்னிருப்பாங்களே, அண்ணி."

அண்ணி ஒரு கணம் முறைத்தாள். பிறகு கைப்பையை மேசைமேல் வைத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சேத்துக்கோ. எல்லாரையும் வச்சே ஜெயிக்கிறேன்."

முத்திரை செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பதினேழையும் எடுங்க சார். பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்."