நத்தையின் செல்கள்

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குடுவையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில், வகுப்பே நத்தை என்று கூப்பிடும் தோழியின் கையெழுத்து. நத்தையின் செல்களின் பெயர். போன வாரத்துத் தேதி. எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே இருந்தவை மட்டும் நத்தையின் செல்கள் இல்லை. அவை இவளுடையவை.

கண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தாள். நத்தை வளர்ப்பவை நுரையீரல் திசுவிலிருந்து எடுத்த செல்கள். ஒல்லியாக, நீளமாக, பக்கத்தில் இருப்பதைத் தொடுவதற்கே நாலு தடவை யோசிக்கும். ஒன்று இரண்டாவதற்கு நான்கு நாள் ஆகும். இவள் வளர்ப்பவை ஒரு புற்றுக்கட்டியிலிருந்து வந்தவை. குண்டு குண்டாக, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, ஒரே நாளில் இரட்டிப்பாகி, இடம் போதவில்லை என்று சண்டை போடும். இரண்டு வருடமாகத் தினமும் பார்த்த முகம். தன் வீட்டுப் பிள்ளையை யாரோ ஒருத்தி கடைத்தெருவில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்தது போல இருந்தது அவளுக்கு.

“கண் டாக்டர்கிட்ட போறேன்டி. மத்தியானம் வந்துடுவேன். என் செல்லுக்கு மீடியம் மட்டும் மாத்திடு. மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடு” என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் நத்தை. அப்போதே இவளுக்கு ஆச்சரியம். செல்களுக்குச் சாப்பாடான அந்தச் சத்துநீரை மாற்றக்கூட, ஐந்து வருடத்தில் நத்தை தன் குடுவையை இன்னொருத்தி கையில் கொடுத்ததே இல்லை.

அந்தப் படிப்பே ஐந்து வருடம். செல் மற்றும் மூலக்கூறு உயிரியலில் இளங்கலையும் முதுகலையும் சேர்த்து, ஒரே மூச்சில். பதினெட்டு வயதில் உள்ளே போனால் இரண்டு பட்டத்தோடு வெளியே வரலாம் என்று ஆசை காட்டித்தான் சேர்த்தார்கள். எந்தக் கோலத்தில் வெளியே வருவோம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் வருடமே வகுப்பு இருவருக்கும் பெயர் வைத்துவிட்டது. மூன்று மணி நேரச் செய்முறையை ஒன்றரை மணியில் முடித்து, அதில் பாதியைத் திரும்பச் செய்கிறவள் எக்ஸ்பிரஸ். லேப் பூட்டும் அண்ணன் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டிக் காட்டினாலும் அசராமல், சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருப்பவள் நத்தை. நத்தை எதையும் திரும்பச் செய்து யாரும் பார்த்ததில்லை. பெயர் வைத்தவர்களே நாலாம் வருடத்தில் அவளிடம் நோட்டை இரவல் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

மூன்றாம் வருட முடிவில் அந்தப் படிப்பில் ஒரு கதவு உண்டு. இளங்கலைப் பட்டம் போதும் என்றால் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். எக்ஸ்பிரஸ் அதற்கான படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். நத்தை அதை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, “போறதுன்னா போடி. ஆனா நேத்து நீ போட்ட பரிசோதனை ஏன் வரலைன்னு தெரிஞ்சுக்காமயே போறியா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி. படிவம் இன்னும் எக்ஸ்பிரஸின் அலமாரியில் கிடக்கிறது. அவ்வளவு பொறுமையான ஒருத்தி தனக்குத் தோழியாக வாய்த்தது தன் அதிர்ஷ்டம் என்று அவள் பல தடவை நினைத்ததுண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை, சொன்னால் நத்தை அதையும் தேதி போட்டுக் குறித்துக்கொள்வாள்.

அந்த நத்தையின் ஆய்வேடு இப்போது இந்தக் குடுவையில் இருக்கிறது. மருந்து கொடுத்துக் காயப்படுத்தினால் அந்த மெதுவான செல்கள் தங்களை எப்படிச் சரிசெய்துகொள்கின்றன என்பதுதான் கேள்வி. ஒன்றரை வருடம் ஒன்றும் பெரிதாக வரவில்லை. கடைசி இரண்டு மாதமாகத்தான் முடிவுகள் கொட்டின. அடி வாங்கிய செல்கள் மூன்றே நாளில் எழுந்து நின்றன. பேராசிரியை வாயெல்லாம் பல்லாக, “இதைக் கட்டுரையாவே அனுப்பலாம்” என்றார். ஆய்வேடு கொடுக்கப் பத்து வாரம் இருந்தது.

எழுந்து நின்றவை நத்தையின் செல்களே இல்லை.

எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை. கண்ணாடித் தடுப்புக்குள் கையை விட்டுத் தன் செல்களுக்கு மீடியம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது என்று அம்மாவின் போன் வந்தது. பாதியில் அவள் பாட்டில் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் நத்தையின் பாட்டில் நிறைய இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மீடியம்தான். ஆனால் ஒருத்தி பாட்டிலில் இன்னொருத்தியின் பைபெட், அந்த உறிஞ்சுகுழாய், நுழையவே கூடாது. முதல் நாளே சொல்லிக்கொடுத்து, சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். புதிது எடுக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்து, தன் குடுவையைத் தொட்ட அதே பைபெட்டை நத்தையின் பாட்டிலில் விட்டு எடுத்தாள். பத்துச் செல் போயிருக்கலாம், இருபது போயிருக்கலாம். ஒரே நாளில் இரட்டிப்பாகிறவை நாலு நாள் எடுத்துக்கொள்கிறவற்றை விழுங்க எத்தனை வாரம் ஆகும்? கணக்கு ஒரு மாதத்தில் முடிந்துவிடுகிறது. அவளோ அன்றைக்கு மாலை அக்காவின் கட்டிலருகே நின்றுகொண்டு, கைக்குழந்தையின் விரலைப் பிடித்துப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தாள். பாட்டில் நினைவே வரவில்லை.

மீடியத்தை மாற்றிவிட்டு, ஒன்றும் பார்க்காதது போலக் குடுவையைச் செல் வளர்க்கும் வெப்பப்பெட்டிக்குள் வைத்துவிடலாம். அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். தேர்வாளர்கள் வரைபடங்களைத்தான் பார்ப்பார்கள். குடுவைக்குள் எட்டிப் பார்க்கப் போவதில்லை. நத்தைக்குப் பட்டம் கிடைக்கும், கட்டுரை வரும், எல்லோரும் கை தட்டுவார்கள். சொன்னால், நத்தையின் இரண்டு மாத உழைப்பும் குப்பை. பத்து வாரத்தில் அந்தச் சோம்பேறிச் செல்களை வைத்துக்கொண்டு எதையும் முடிக்க முடியுமா? முடியாவிட்டால் அவள் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். தள்ளிவிட்டவள், கூடவே இருந்து தோளில் கை போட்டுத் திரிந்த எக்ஸ்பிரஸ். குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மீடியம் மாற்றாமலேயே அதை உள்ளே வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவளுக்கு அப்படிச் சும்மா உட்கார்ந்து பழக்கமே இல்லை.

நத்தை ஒரு மணிக்கு வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள், கை கழுவினாள், விரல் விரலாகத் துடைத்தாள்.

“பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“என்ன தெரிஞ்சுது?”

எக்ஸ்பிரஸ் முக்காலியிலிருந்து எழுந்தாள். “அது உன் செல் இல்லடி. என்னோடது.”

நத்தை மூச்சை மெல்ல விட்டாள். தன் நோட்டை எடுத்து மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து நீட்டினாள். ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தது: ‘வேகமா வளருது. ஏன்?’ அடுத்த பக்கத்திலும் அதுவே. அதற்கடுத்த பக்கத்தில், கட்டுரையை இப்போது அனுப்ப வேண்டாம் என்று பேராசிரியையிடம் சொல்லிவிட்டதாகக் குறிப்பு.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“சந்தேகம்தான். தினம் பார்க்கிற முகம், மாறினா எங்க தெரியுது? முதல்ல என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். அதான் டாக்டர்கிட்ட போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம்.” லேசாகச் சிரித்தாள். “உனக்குத்தான் அதுங்களை நல்லாத் தெரியும். நான் சொல்லிட்டுக் காட்டியிருந்தா, நான் சொன்னதைத்தான் நீயும் பார்த்திருப்பே. அதான் சொல்லலை.”

அவள் முகத்தில் கோபத்தைத் தேடிப் பார்த்தாள் எக்ஸ்பிரஸ். கிடைக்கவில்லை. திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

“எப்படிக் கலந்துதுன்னும் எனக்குத் தெரியும்” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “நான்தான். உன் பாட்டில்ல என் பைபெட்டை விட்டேன். ஒரே ஒரு தடவை. அவசரத்துல.”

நத்தை பேனாவின் மூடியைக் கழற்றினாள். “என்னைக்கு?”

“திட்டேன்டி முதல்ல.”

“அப்புறம் திட்டறேன். என்னைக்குன்னு சொல்லு. தேதி முக்கியம்.”

“அக்காவுக்குப் பாப்பா பொறந்த அன்னைக்கு.” அந்தத் தேதியை அவளால் மறக்க முடியுமா? “பதினேழாம் தேதி. மூணு மாசம் ஆச்சு.”

நத்தை பக்கங்களைப் புரட்டினாள். அவள் அவசரப்பட்டு எக்ஸ்பிரஸ் பார்த்தது அன்றைக்குத்தான். விரல் ஓரிடத்தில் நின்றது. “பதினஞ்சாம் தேதி ஒரு டியூப் உறைய வெச்சிருக்கேன்” என்றாள். “எப்ப இருந்து கெட்டுப்போச்சுன்னு தெரியாம, உறைய வெச்சது எல்லாத்தையும் கொட்டிடணும்னு நினைச்சிட்டிருந்தேன். இது சுத்தமா இருக்கும்டி. ரெண்டே நாள் முன்னாடி.” கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியில்லாத குறைக்குச் சட்டைக் கையிலேயே துடைத்தாள். கண் ஈரமாக இருந்தது. “நீ சொல்லாம இருந்திருந்தா இதையும் கொட்டியிருப்பேன்.”

இரண்டு பேருமாகப் போய்ப் பேராசிரியையிடம் சொன்னார்கள். அவர் நத்தையின் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு எக்ஸ்பிரஸைப் பார்த்து, ஒரு மாதம் தடுப்புக்குள் தனியாக வேலை செய்யக் கூடாது என்றார். நத்தையைப் பார்த்து, பத்து வாரம் போதாது, ஆனாலும் தொடங்கு என்றார். எக்ஸ்பிரஸ் தலையாட்டினாள். கதவுக்கு வெளியே வந்ததும் நத்தை கொடுத்த வாக்கின்படி திட்டினாள். நிதானமாக, ஒரு வார்த்தையும் விடாமல், மாடிப்படி முடியும் வரை.

செல்களை உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து அந்த டியூப் வெண்புகையோடு வெளியே வந்தது. ஒன்றுதான் இருந்தது. வெதுவெதுப்பான நீரில் உருக வைத்து, புதுக் குடுவையில், புது பாட்டில் மீடியத்தில் விட்டாள் நத்தை. பக்கத்தில் நின்று எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர் எழுதினாள், அவசரமில்லாமல், அச்சடித்த மாதிரி. உறைந்து எழுந்தவற்றில் எத்தனை பிழைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிழைத்தவை ஒரு நாளுக்குள் குடுவையின் தரையில் ஒட்டிக்கொள்ளும். மற்றவை உருண்டையாக மிதக்கும்.

மறுநாள் காலை லேப் அண்ணன் கதவைத் திறக்கும் முன்பே இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். நத்தை குடுவையை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள். வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“நீ பாரு. நான் இன்னும் பார்க்கலை.”

எக்ஸ்பிரஸ் குனிந்தாள். முதலில் தெரிந்தவை எல்லாம் உருண்டைகள், அசைந்து அசைந்து மிதப்பவை. திருகை மெல்லத் திருப்பினாள், இன்னும் மெல்ல. தரை தெளிந்து வந்தது. குடுவையை ஒரு மயிரிழை நகர்த்தினாள், இன்னொரு மயிரிழை. பின்னால் நத்தை மூச்சு விடுவதே கேட்கவில்லை. ஓரத்தில், வட்ட வெளிச்சம் முடிகிற இடத்தில், ஒல்லியாக ஒன்று. ஒரு முனையைத் தரையில் நீட்டி ஊன்றியிருந்தது. மறு முனை இன்னும் உருண்டையாகவே, மேலே தூக்கியபடி, எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.