பல் கம்பி போட்ட பைக்

நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்குப் பணிமனையில் 'ஆமை' என்று பட்டப்பெயர். அவள் ஓட்டினால் நிற்கும் பயணி கம்பியைப் பிடிக்கத் தேவையில்லை. கையில் காபி வைத்திருப்பவர் சட்டையிலும் கறை படாது. அந்தப் பெயருக்காக அவள் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. ஆனால் விடுமுறையில் தன் பைக்கை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகும்போதெல்லாம் ஆக்சிலேட்டரை முறுக்கக் கை ஊறும். முறுக்கமாட்டாள். சாலை என்றால் நாய் வரும், குழந்தை வரும், எதிரில் தன்னைப் போலவே யாராவது பேருந்தை ஓட்டி வருவார்கள்.

ஊரைத் தாண்டி ஒரு பைக் பந்தயத் தளம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு சாதாரண ஆட்களுக்கும் திறந்துவிடுவார்கள். காலையில் ஓட்டிப் பழகலாம்; மாலையில் புதியவர்களுக்கென்று ஒரு சின்னப் போட்டி. அந்த அறிவிப்பை அவள் கைபேசியில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"நானும் போலாம்னு இருக்கேன்."

கணவன் பேக்கரி வைத்திருப்பவன். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "விழுந்துட்டா?"

"எழுந்திருப்பேன்."

"எழுந்திருக்கிற மாதிரி விழணுமே."

எதிரில் உட்கார்ந்திருந்த அவனுடைய தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆள் குட்டையாக இருப்பதால் வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பெயர். பல் மருத்துவமனையில் கோணல் பற்களுக்குக் கம்பி கட்டுவது அவள் வேலை. "அண்ணி, பைக்கை ரெடி பண்ண ஆள் வேணும்ல? நான் இருக்கேன்" என்றாள்.

குடியிருப்பின் கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வேலை தொடங்கியது. தளத்தின் விதிகளைச் சுண்டு உரக்க வாசித்தாள். உடைந்து சிதறக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. பக்கக் கண்ணாடிகள் கழன்றன, இண்டிகேட்டர்கள் கழன்றன, எண் பலகை கழன்றது. முகப்பு விளக்குக்கு மேல் பெருக்கல் குறி போல டேப் ஒட்டினார்கள். பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் கம்பிகளையும் கழற்றியபோது கணவன் பதறினான்.

"அப்ப நான் எங்க கால் வைக்கிறது?"

"நீங்க வரலீங்க" என்றாள் அவள்.

சைடு ஸ்டாண்டும் போனது. சாய்ந்து ஓட்டும்போது தரையில் மாட்டினால் ஆபத்து. ஸ்டாண்டு போனபின் பைக் தானாக நிற்காது; ஆகவே கணவனே ஸ்டாண்டு ஆனான். "கல்யாண ஃபோட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்காத அண்ணா, கெட்டியாப் புடி" என்று சுண்டு அதட்டினாள்.

இஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைத் திரவத்தை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றது அடுத்த விதி. பச்சைத் திரவம் தளத்தில் கொட்டினால் சோப்புத் தண்ணீர் போல வழுக்கும். ஆயில் வடிக்கும் போல்ட்டையும் கம்பி போட்டுக் கட்ட வேண்டும். அதிர்வில் அது கழன்று ஆயில் ஒழுகினால் பின்னால் வருபவர்கள் சறுக்கி விழுவார்கள்.

"பாருங்க அண்ணி, இது எதுவும் உங்களுக்காக இல்ல. உங்களுக்குப் பின்னாடி வர்றவங்களுக்காக."

"பஸ்ஸும் அப்படித்தான்" என்றாள் அண்ணி.

போல்ட்டின் தலையில் மெல்லிய துளை போட வேண்டியிருந்தது. முதல் டிரில் ஊசி முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவதைப் பொறுமையாக, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு இறக்கினாள் அண்ணி. அடுத்தது சுண்டுவின் முறை. மருத்துவமனையில் பழையதென்று ஒதுக்கிய வளைந்த மூக்குக் குறடோடு தரையில் மல்லாந்து படுத்தாள். இரட்டைக் கம்பியைத் துளையில் நுழைத்து, சடை பின்னுவது போல முறுக்கிக்கொண்டே வந்தாள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தவள் உதட்டைக் கடித்தாள். கம்பி போல்ட்டைக் கழற்றும் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வெட்டி எறிந்துவிட்டு, இறுக்கும் பக்கமாக மறுபடி கட்டினாள்.

"பல்லுன்னா நகரணும்னு கட்டுவேன். இங்க நகரக் கூடாதுன்னு கட்டணும். பழக்கதோஷம்" என்றாள்.

கடைசியாகப் பின்சக்கர ஸ்பிரிங். தோல் உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு அண்ணி பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். கணவன் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று சுண்டு அளவு டேப்பால் அளந்தாள்.

"ரொம்பவே அமுங்குது அண்ணி."

"எல்லாம் நம்ம கடை பன்னு" என்றான் கணவன் பெருமையாக. மனைவி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னவோ சொன்னாள். நல்லவேளை, அது அவன் காதில் விழவில்லை. கொக்கி ஸ்பேனரால் ஸ்பிரிங்கை இறுக்கியதும் பைக் நிமிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரி வேனில் பைக்கை ஏற்றிக்கொண்டு மூவரும் தளத்துக்குப் போனார்கள். இறக்கும்போது சீட்டெல்லாம் மைதா.

வண்டிகளைச் சோதிப்பவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு அம்மாள். இஞ்சினுக்கு ஊற்றிய தண்ணீரில் விரலை நனைத்து முகர்ந்தார். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். பிறகு டார்ச்சோடு குனிந்தார்.

"கம்பி யாரு போட்டது?"

"நான்தான்" என்றாள் சுண்டு.

"அழகா இருக்கு. ஆனா ஆயில் ஃபில்டருக்குப் போடலையே. அதுவும் கழலும். ஒரு கிளாம்ப் மாட்டிக் கட்டிட்டு வாங்க. இல்லன்னா உள்ள விடமாட்டேன்."

அண்ணிக்கு முகம் வெளிறிவிட்டது. இத்தனை தூரம் வந்து ஒரு வளையத்துக்காகத் திரும்புவதா? கணவன் வேனைக் குடைந்தான். ரொட்டி அச்சுதான் கிடைத்தது. சிவப்பு உடுப்பில் பக்கத்தில் நின்றிருந்த ஆள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கால்நடை மருத்துவர் அவர். தன் பெட்டியைத் திறந்து ஒரு கிளாம்ப்பை நீட்டிவிட்டு, பைக்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டுங்க. மாடு உதைக்காம பாத்துக்கிறது என் வேலை. நீங்க சீக்கிரம் கட்டுங்க."

சுண்டு கட்டிய வேகத்தைப் பார்த்து அந்த அம்மாளே சிரித்துவிட்டார். பைக்குக்கு அனுமதி கிடைத்தது.

முதல் சுற்றுகள் சிரிப்பாய்ச் சிரித்தன. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அவள் கட்டைவிரல் இல்லாத இண்டிகேட்டரைத் தேடியது. கண்ணோ கழற்றிவிட்ட கண்ணாடியைத் தேடியது. மற்றவர்களைப் போலக் கடைசி நொடியில் பிரேக்கைக் கவ்விப் பார்த்தாள். பைக் தலையைக் குனிந்து திமிறியது. எல்லோரும் விர்ரென்று தாண்டிப் போனார்கள்.

"ஒருத்தர் பாக்கி இல்லாம என்னைத் தாண்டிட்டாங்க" என்றாள் இறங்கி வந்து.

"விழலல்ல. எனக்கு அது போதும்" என்றான் கணவன்.

சூடான டயரில் ஏறியிருந்த காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டே சுண்டு கேட்டாள்: "பஸ்ஸுல இப்படியா அண்ணி பிரேக் போடுவீங்க?"

"இப்படிப் போட்டா உள்ள நிக்கிறவங்கள்லாம் என் மடியில வந்து விழுவாங்க."

சொல்லிவிட்டுப் பிரேக்கை விரலால் மெல்ல அழுத்தி, மெல்ல விட்டுப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டினாள்.

அடுத்த முறை அவள் மனதுக்குள் தன் பின்னால் ஒரு பேருந்து நிறைய ஆட்களை நிற்கவைத்துக்கொண்டு ஓட்டினாள். பிரேக்கை மெல்ல அழுத்தி, இறுக்கி, வளைவுக்குள் நுழையும்போது மெல்ல விட்டாள். பைக் திமிறவில்லை, தண்ணீர் பாய்வது போலத் திரும்பியது. வளைவு முடிந்ததும் நேர்பாதை வெறிச்சென்று கிடந்தது. நாயில்லை, குழந்தையில்லை, எதிரில் யாருமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக முழுக்க முறுக்கினாள். ஹெல்மெட்டுக்குள் யாரோ சத்தமாகச் சிரிப்பது கேட்டது. அது தான்தான் என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

மாலைப் போட்டியில் கடைசி வரிசையில் அவளை நிறுத்தினார்கள். கொடி விழுந்ததும் முன்னால் இருந்தவர்கள் முட்டி மோதிக்கொண்டு முதல் வளைவில் அகன்று போக, உள்பக்கமாக அவள் மூவரைக் கடந்தாள். பிறகு சுற்றுக்கு ஒருவராகப் பிடித்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் கணவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவள் ஒருவரைத் தாண்டும்போதெல்லாம் சுண்டு அவன் தோளில் ஓங்கி அடித்துத் தெரியப்படுத்தினாள். கடைசிச் சுற்றில் முன்னால் சிவப்பு உடுப்பு. கடைசி வளைவில் மருத்துவர் தாமதமாகப் பிரேக் பிடித்து ஒரு முழம் வெளியே போனார். அந்த இடைவெளி அவளுக்குப் போதுமாயிருந்தது. மூன்றாவதாக வந்தாள்.

கணவன் கணக்குத் தப்பி அவள்தான் முதலிடம் என்று நினைத்து, பக்கத்திலிருந்த யாரையோ கட்டிப்பிடித்துவிட்டான். அந்த ஆளும் மறுக்கவில்லை.

மருத்துவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். "என் கிளாம்ப்பைக் கழட்டிக் குடுங்க."

"கம்பி போட்டுக் கட்டியாச்சுங்க. கழலாது" என்றாள் சுண்டு.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மாதம் தன் வண்டிக்கும் கட்டித்தரச் சொல்லிக் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அதையே கேட்க நின்றார்கள்.

திரும்பும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். கண்ணை மூடிக்கொண்டதால் எதையும் பார்க்காத கணவன், அந்தக் கடைசி வளைவைச் சொல்லச் சொன்னான். அவள் உப்புக் குப்பியை மருத்துவராகவும் ஸ்பூனைத் தானாகவும் மேசையில் வைத்தாள்.

"இவரு இப்படி வந்தாரு. நான் இங்க."

தட்டுகளோடு வந்த பரிமாறுபவர் வைக்க இடமில்லாமல் நின்றார். ஸ்பூன் மெல்ல நகர்ந்தது.

"அப்புறம்?" என்றார் பரிமாறுபவர்.