கையால் ஓட்டும் வண்டி

காரில் ஏறுவதற்கு அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் ஊன்றுகோலைப் பக்கத்து இருக்கையில் சாய்த்து வைப்பாள். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் உட்காருவாள். பிறகு, முழங்காலுக்குக் கீழே இரும்புப் பட்டை போட்ட வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி, பானையை இறக்கி வைப்பதுபோல் உள்ளே வைப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படித்தான் ஏறினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அன்று அவளுக்கு வேலை இருந்தது. கதவைச் சாத்திவிட்டு இடது கையை ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுபோனாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. குனிந்து பார்த்தாள். வண்டியைக் கையால் ஓட்டும் லிவர் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள், அவற்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஸ்டியரிங்கில் அவள் வலது கைக்காகப் பொருத்தியிருந்த உருண்டைக் குமிழும் இல்லை.

திருட்டுப் போய்விட்டதென்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அந்த டேப்பைப் பார்த்தாள். ஓரம் மடங்காமல் நறுக்கென்று வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. திருடுகிறவன் டேப் ஒட்டிவிட்டுப் போகமாட்டான்.

கார் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை அவளிடம் பின்னால் இரண்டு சிறு சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இருந்தது. மழை பெய்தால் அண்ணனைக் கேட்கவேண்டும். அவன் முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடிகாரத்தைப் பார்ப்பான், சட்டையை மாட்டிக்கொண்டே பெருமூச்சு விடுவான், வழியெல்லாம் போனில் யாரிடமாவது, 'பாப்பாவை விட்டுட்டு வந்துடறேன்' என்பான். நாற்பத்திரண்டு வயதில் அவள் அந்த வீட்டில் பாப்பா. மாடியில் அண்ணன் குடும்பம், கீழே அவளும் அம்மாவும். அவள் போகும் இடங்களெல்லாம் யாரோ கொண்டுபோய் விட்ட இடங்களாகவே இருந்தன. விட்டவர்கள் திரும்ப வந்து ஏற்றிக்கொள்ளும்வரை வாசலில் நின்றாக வேண்டும்.

ஷோரூமில் விற்பனைக்காரன் அண்ணனைப் பார்த்தேதான் பேசினான். பணம் கட்டுவது அவள், கேள்வி கேட்பதும் அவள். பதில் மட்டும் அண்ணனுக்குப் போயிற்று. 'மேடத்துக்குப் பின்சீட்ல கால் நீட்ட நல்லா இடம் இருக்கு சார்' என்றான். ஓட்டப்போவது நான்தான் என்று அவள் சொன்னபோது, குழந்தை பெரிய வார்த்தை பேசிவிட்டதுபோலச் சிரித்தான். அண்ணனும் சிரித்தான். சீட் கவர், கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டு, பின்னால் அலங்காரத்துக்கு ஒரு இறக்கை என்று அண்ணன் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனபோது அவள் தடுக்கவில்லை. அவனுக்கும் ஆசை இருக்குமே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது ஷோரூமில் கிடைக்கவில்லை.

அதற்காக ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு பட்டறைக்குப் போனாள். கால் முடியாதவர்களின் வண்டிகளை மாற்றித் தருவதற்கு அங்கே ஒருவர் இருந்தார். தன்பக்கம் இழுத்தால் ஓடவும், எதிர்ப்பக்கம் தள்ளினால் நிற்கவுமாக, ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் ஒரே லிவரில் சேர்த்தார். முதலில் பொருத்தியது அவள் மணிக்கட்டுக்குத் தாழ்வாக இருந்தது. கழற்றி, வளைத்து, மறுபடி பொருத்தினார். அவளை உட்காரவைத்து, எழுப்பி, மறுபடி உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொன்னார். கை தானாகப் போய் நிற்கும் இடத்தில் லிவர் வந்து நின்றது. உரிமத்துக்காகச் சோதிக்க வந்த அதிகாரியை ஏற்றிக்கொண்டு அவள் ஓட்டினாள். இறங்கும்போது அவர் சீட் பெல்ட்டைக் கழற்ற மறந்துபோய் இழுபட்டார். அன்று வீட்டுக்கு நேராக வராமல், போக எந்த வேலையும் இல்லாத ஒரு தெருவுக்குள் நுழைந்து, அதைச் சுற்றி, வேறொரு தெரு வழியாக வெளியே வந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்க வண்டிக்குள் ஆள் இல்லை.

நேற்று மாலை அண்ணன்தான் சாவி கேட்டான். கழுவி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான். பெடல் அப்படியே இருந்ததால் அவனும் ஓட்டமுடியும், இதற்கு முன்பும் ஓட்டியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் லிவரில் முழங்கால் இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இறங்குவான். அவளுக்குக் கோபம் வரவில்லை அப்போது. தன் வண்டியில் ஏறினவனுக்கு முழங்கால் இடிப்பதில் ஒரு சின்ன நியாயம் இருப்பதாகக்கூட நினைத்தாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் இறங்கி வந்தான். பின்னால் அண்ணி, கையில் இரண்டு பைகள். அண்ணியின் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தன் வண்டியில் போகிறார்கள் என்பது தெரியாது.

"ஏறிட்டியா? பின்னாடி உக்காரு பாப்பா. உன்னை லேப்ல இறக்கிவிட்டுட்டு நாங்க போறோம். சாயந்தரம் வர்றப்ப ஏத்திக்கறோம்" என்றான் அண்ணன்.

லிவர் எங்கே என்று அவள் கேட்டாள். டிக்கியில்தான் இருக்கிறது, பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன் என்றான். தூரப் பயணம், முழங்கால் இடித்துக்கொண்டே ஓட்டமுடியாது, அதனால் பட்டறையில் சொல்லிக் கழற்றினேன், திங்கட்கிழமை மாட்டிவிடலாம் என்று அடுக்கிக்கொண்டே போனான். தப்பு செய்தவனின் குரல் அதில் கொஞ்சமும் இல்லை. குடையை இரவல் வாங்கியவன் சொல்வதுபோல் சொன்னான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது அதைக் கேட்டுத்தான். அவன் பயந்திருந்தால், மழுப்பியிருந்தால், ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால், கேட்க ஆளிருக்கிறது என்று நினைத்திருக்கிறான் என்றாவது ஆகியிருக்கும்.

அவள் அங்கிருந்தபடியே பட்டறைக்காரருக்குப் போன் செய்தாள். எதற்காகக் கழற்றினீர்கள் என்றாள். அண்ணன் வந்து சொன்னார், அதனால்தான் என்றார் அவர். வண்டி யாருடையது என்று கேட்டாள்.

"உங்க வீட்டு வண்டிதானேம்மா" என்றார்.

கண்ணை மூடிக் கையை நீட்டச் சொன்ன அதே மனிதர். அவள் போனை மடியில் வைத்தாள். அண்ணன் மெதுவாகக் கதவைத் திறந்து, சரி நேரமாகிறது என்பதுபோல் கையை நீட்டினான். இறங்க உதவத்தான் நீட்டினான். சிறுவயதில் பள்ளிக்கூடப் படிகளில் நீட்டிய கை அது. சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து, கல்லூரிக்கும் கூட்டிப்போயிருக்கிறான். எல்லோரும் அதைச் சொல்வார்கள், அவனும் சொல்வான். அவள் ஊன்றுகோலை எடுத்து மடிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"நான் இறங்கலை."

சட்டென்று யாருக்கும் புரியவில்லை. அண்ணி மெல்லச் சிரித்து, என்ன பாப்பா, சின்ன விஷயத்துக்கு என்றாள். உள்ளேயிருந்து அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் உலர்த்துவதை நிறுத்தினாள். அண்ணன் குரலைத் தாழ்த்தினான். நாலு பேர் போகிற வண்டி, நீ ஒருத்தி ஓட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டால் எப்படி என்றான். இந்த வீட்டில் உன்னது என்னது என்று எப்போது பிரித்தோம் என்றான். நான் கணக்குப் பார்த்திருந்தால் உன்னை இவ்வளவு வருடம் சுமந்திருப்பேனா என்று கேட்டபோதுதான் அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உன் ரெண்டு காலையும் ராத்திரி யாரோ கழட்டி டிக்கியில வச்சுட்டாங்கன்னு வச்சுக்கோ. திங்கட்கிழமை மாட்டித் தரேன், அதுவரைக்கும் பின்னாடி உக்காருன்னு சொன்னா, நீ என்ன பண்ணுவண்ணா?"

அவன் தன் கால்களைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பழக்கம். அம்மாதான் பேசினாள். அண்ணன்தானேடி, விட்டுக்கொடேன், ஒரு நாள்தானே, ஊரே பார்க்கிறது என்றாள். விட்டுக்கொடுப்பதற்கு என்னிடம் இதற்குமுன் என்ன இருந்தது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் அம்மா அழுவாள். அம்மா அழுதால் பேச்சு அழுகையைப் பற்றியதாகிவிடும், லிவர் டிக்கியிலேயே கிடக்கும். அவள் கதவை இழுத்துச் சாத்தி, கண்ணாடிகளை ஏற்றி, பூட்டிக்கொண்டு, பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து, இன்று வேறு ஆளை உட்காரவைக்கச் சொன்னாள். கறுப்பு ஒட்டு வழியாகப் பார்க்க, வெளியில் நின்றவர்கள் மூவரும் மழைக்கு முந்திய வெளிச்சத்தில் நிற்பதுபோல் இருந்தார்கள். அண்ணன் ஒட்டவைத்த கறுப்பு. முதன்முறையாக அது நன்றாக இருப்பதாகத் தோன்றியது.

வெயில் ஏறியது. உள்ளே புழுங்கியது. ஏசி போட்டுக்கொள்ள வண்டியைக் கிளப்பியபோது, அவள் மனம் மாறிவிட்டதென்று நினைத்து அண்ணி பைகளைத் தூக்கினாள். பிறகு கீழே வைத்தாள். கடைசியில் ஒரு வாடகைக் கார் வந்தது. அண்ணன் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி மட்டும் கண்ணாடியருகே குனிந்து, "நல்லாயிருக்கு" என்றாள். எதைச் சொன்னாள் என்று விளக்க யாரும் தேவையில்லை.

பட்டறைக்காரர் நண்பகலுக்குமேல் பைக்கில் வந்தார். அவள் மறுபடி போன் செய்தபோது, வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை என்றார். கழற்றியதும் வாரக்கடைசியில்தானே என்று அவள் கேட்டதும் பேச்சை விட்டார். டிக்கியைத் திறந்து துணியைப் பிரித்தார். அம்மாவின் பழைய துண்டுதான் அது. லிவரின் பிடியில் ஒரு கீறல் விழுந்திருந்தது. மாட்டி முடித்து, ஓட்டிப் பாருங்கள் என்றார். அவள் ஓட்டிப் பார்க்கவில்லை. பெடல்களுக்கு முன்னால் தகடு ஒன்று போடமுடியுமா என்று கேட்டாள். கால் பாதுகாப்புக்குத்தானே, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று பட்டறையில் இருக்கிறது என்றார் அவர்.

கழற்றுகிற மாதிரி வேண்டாம் என்றாள்.

"அப்ப வேற யாருமே காலால ஓட்ட முடியாதேம்மா."

"ஆமா."

அவர் தலையைச் சொறிந்தார். வீட்டில் ஏதாவது பிரச்சினை வரும், நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றாள். அண்ணன் வந்து சொன்னதும் இப்படித்தான் யோசித்துக்கொள்ளச் சொன்னீர்களா என்று கேட்டபோது அவர் முகம் சிறுத்துப்போயிற்று. மறுநாள் வேலை முடிந்து அவள் பட்டறைக்குப் போனாள். தகடு இறுகும்வரை பக்கத்தில் ஒரு கவிழ்த்த டப்பாவின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திருகாணிகளின் தலையை அரத்தால் ராவி மழுங்கச் செய்யச் சொன்னாள். இனி ஸ்பானருக்கும் பிடிகொடுக்காது.

அண்ணன் அதைக் கண்டுபிடிக்க வெகுநாள் ஆகவில்லை. தெருவில் தண்ணீர் லாரி வர வழிவிட வேண்டுமென்று, அம்மாவிடம் சாவி வாங்கிப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்து சாவியை மேசைமேல் வைத்தான். எறியவில்லை, வைத்தான். அவள் போய் வண்டியை நகர்த்திவிட்டு வந்தாள். அதன்பிறகு மாடியிலிருந்து குழம்புக் கிண்ணம் இறங்கி வருவது நின்றது. அண்ணி படியில் எதிர்ப்பட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். நடுவில் மாட்டிக்கொண்டவள் அம்மாதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தன் கோபம் தணிந்துவிடும் என்று மகளும் எதிர்பார்த்தாள். தினமும் காலையில் தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். அது அங்கேயே இருந்தது, இத்தனை வருடமும் வாடகை கொடுத்துக் குடியிருந்த மாதிரி.

அம்மாவுக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. கண் மருத்துவரிடம் எப்போதும் அண்ணன்தான் கூட்டிப்போவான். இந்தமுறை அவனுக்கு வேலையிருக்கிறதாம். அம்மா கிளம்பி வந்து, கேட்காமலே காரின் பின்கதவைத் திறந்தாள். முன்னால் உட்காரச் சொன்னாள் அவள். ஊன்றுகோலைப் பின்னால் போட்டு இடம் செய்தாள்.

வழியில் அம்மா சாலையைப் பார்க்கவில்லை. லிவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். இழுக்கும்போதும் தள்ளும்போதும் அம்மாவின் தோளும் கூடவே அசைந்தது. இந்த வண்டியை மகள் எப்படி ஓட்டுகிறாள் என்பதை இவ்வளவு பக்கத்திலிருந்து அவள் பார்த்ததில்லை. கை வலிக்காதா என்று கேட்டாள். வலிக்காது என்றாள் மகள். சிக்னலில் நின்றார்கள். ஒரு பக்கம் பள்ளி வேன், மறுபக்கம் சிமென்ட் லாரி.

"அந்தத் தகட்டை எடுத்துடேன்டி" என்றாள் அம்மா. "அவன் சரியா சாப்பிடறதில்லை."

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அழுகையா, புரையில் வடியும் நீரா என்று தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லு. இவ்வளவு கோவம் உனக்கு எப்பலேருந்து இருந்துச்சு?"

அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அந்த வீட்டில் அவளிடம் யாரும் கேட்ட முதல் கேள்வியாக அது தோன்றியது. எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். பள்ளிப் படிகளிலிருந்தா, மழைநாள் பெருமூச்சிலிருந்தா, பாப்பா என்ற சொல்லிலிருந்தா. வாயைத் திறந்தபோது விளக்கு பச்சையாயிற்று. பின்னாலிருந்து ஒருவன் ஹாரனை விடாமல் அழுத்தினான். அவள் லிவரை இழுத்தாள், கொஞ்சம் அதிகமாகவே. வண்டி பாய்ந்தது. அம்மா தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். மெதுவாகப் போ என்று சொல்லவில்லை. பள்ளி வேன் பின்னால் போய்விட, முன்னே சாலை காலியாகக் கிடந்தது.