சூரியனுக்குத் திருஷ்டி கழிந்த அமாவாசை

வினோத்குமார் சூரியனைப் பெரிய மார்க்கெட்டில் வாங்கினார். பறங்கிக்காயெல்லாம் தட்டையாக இருந்தது. அதனால் உருண்டையான வெள்ளைப் பூசணிக்காயாகத் தேடி, இருபத்தெட்டு சென்டிமீட்டரில் ஒன்று கிடைக்கும்வரை டேப்பை வைத்துக் கடை கடையாக அளந்தார். "சாம்பாருக்கா சார், சட்டை தைக்கவா?" என்று கேட்ட காய்க்காரம்மாவுக்குச் சொல்ல அவரிடம் பதில் இருந்தது, துணிச்சல்தான் இல்லை.

முதலியார்பேட்டையில் ஒரு பள்ளியில் அவர் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வகுப்பில் அவர் சொல்லும் ஜோக்குக்கு அவர் மட்டும் சிரிப்பார். பிள்ளைகள் அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதையும் வெற்றி என்றே எடுத்துக்கொள்வார்.

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவை அறிவியல் கண்காட்சியில் யாரும் சேர்ப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன் 'பி' பிரிவு செய்த எரிமலை, தலைமையாசிரியை நிர்மலாவின் பட்டுப்புடவையில் போய் முடிந்திருந்தது. வினோத்குமார் கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த முறை அனுமதி வாங்கினார்.

"ஆய்வு அதிகாரி முன்னாடி இதுவும் சொதப்புச்சுன்னா, இனிமே உங்க பசங்க நாற்காலி தூக்கிப் போடறதோட சரி," என்றார் நிர்மலா.

ஏற்பாடு இதுதான். பள்ளி வாசலில் பூசணிச் சூரியன். அதன் அளவுக்குப் பூமி ஒரு ஜவ்வரிசி, முப்பது மீட்டர் தள்ளி. வியாழன் ஒரு எலுமிச்சம்பழம். நெப்டியூன் கொண்டைக்கடலை, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி சைக்கிள் கடை வாசலில். ஒவ்வொரு கோளையும் உள்ளங்கையில் ஏந்தி ஒரு பிள்ளை நிற்கும். பூசணியின் சாம்பல் பூச்சில் பெயின்ட் ஒட்டவில்லை என்று மஞ்சளைக் குழைத்துப் பூசினார்கள். சூரியப் புள்ளிகளுக்குக் கறுப்பு மை தீர்ந்துபோனதால் குங்குமம் வைத்தார்கள்.

அன்றைக்கு அமாவாசை. டேப் வைத்து அளந்த மனிதர் காலண்டரைப் பார்க்கவில்லை.

கோள்களையெல்லாம் அந்தந்த இடத்தில் நிறுத்திவிட்டு அவர் திரும்பி வரும்போது, வாசலில் 'டொப்'பென்று ஒரு சத்தம். அட்டெண்டர் கொளஞ்சி கையைத் தட்டிக்கொண்டு நின்றார். சூரியன் ரோட்டில் ஏழெட்டுத் துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டின் மேல் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே! என்னண்ணே பண்ணிட்டீங்க?"

"மாசாமாசம் பண்றதுதான சார். இந்த வாட்டி எச்.எம். அம்மா மஞ்சள், குங்குமம்லாம் பூசி ரெடியா வச்சிட்டாங்கன்னு நெனச்சேன். மூணு சுத்து சுத்தி உட்டேன்."

"அது சூரியன்ணே."

கொளஞ்சி கீழே பார்த்தார், மேலே பார்த்தார். "அது அங்கதான சார் இருக்குது?"

நல்லவேளை, எலுமிச்சம்பழத்தைப் பார்த்திருந்தால் வியாழனையும் ஏதாவது வண்டிச் சக்கரத்தில் வைத்திருப்பார்.

சத்தம் கேட்டு, பூமியைக் கையில் பொத்திக்கொண்டு சிந்துஜா ஓடி வந்தாள். தெருமுனையில் அதிகாரியின் ஜீப் திரும்பியது.

"சிந்துஜா, இதைத்தான் பெருவெடிப்புன்னு காட்டுறோம், பிரபஞ்சம் இப்படித்தான் உண்டாச்சுன்னு சொல்லிடலாமா?"

"சார்! அது ஒரு எடத்துல வெடிக்கல, எல்லா எடமும் சேந்தே விரிஞ்சிச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? பரீட்சையில நான் தப்பா எழுதினதுக்கு ரெண்டு மார்க் வேற கொறச்சீங்க."

தன் பாடம் ஒருவர் மண்டையில் ஏறியிருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது அப்போதுதான். சந்தோஷப்பட நேரமில்லை. அதிகாரியும் நிர்மலாவும் எதிரில் நின்றார்கள்.

"சூரியன் எங்கப்பா?" என்றார் அதிகாரி.

நிர்மலா பூசணித் துண்டுகளைப் பார்த்தார், பிறகு வினோத்குமாரை. கொளஞ்சி கேட்டுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"இப்பதான் சார் உடைஞ்சிச்சு," என்றாள் சிந்துஜா. "ஆனா நான் பூமி. எனக்கு அது இன்னும் தெரியாது."

"ஏன் தெரியாது?"

"நெஜ சூரியன் பட்டுன்னு காணாமப் போனாலும், அதுக்கு முன்னாடி கெளம்புன வெளிச்சம் இங்க வந்து சேர எட்டு நிமிஷம் ஆகும் சார். அது வரைக்கும் நமக்கு வெயில் அடிச்சிட்டேதான் இருக்கும். நெப்டியூனுக்கு நாலு மணி நேரம். அங்க அரிகிருஷ்ணன் நிக்கிறான். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். "நெஜமாவே தெரியாதா?"

"ஒரு கிலோமீட்டர் சார். வந்து பாருங்க."

ஜீப்பில் ஏறாமல் அவர் நடக்க ஆரம்பித்தார். நிர்மலா குடையை விரித்துக்கொண்டு பின்னால் போனார். புதனைவிடத் தள்ளி இருந்தும் தனக்கே ஏன் சூடு அதிகம் என்று வெள்ளி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். வாயைத் திறக்காத பெண் என்று பெயரெடுத்த சனி, தன் வளையமெல்லாம் பனிக்கட்டியும் கல்லும்தான் என்று அதிகாரியின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். யுரேனஸ், தான் சாய்ந்தபடி சுற்றுவதைக் காட்டுவதற்காக நடுரோட்டிலேயே படுக்கப் போனான். வினோத்குமார் பாய்ந்து காலரைப் பிடித்தார். அவர்கள் தாண்டிய ஒவ்வொரு கோளும் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டது.

சைக்கிள் கடை வாசலில் அரிகிருஷ்ணன் கொண்டைக்கடலையை ஏந்தி ஆடாமல் நின்றிருந்தான்.

"என்னப்பா, சூரியன் எப்படி இருக்கு?" என்றார் அதிகாரி.

அவன் பள்ளி இருந்த பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "ரொம்ப சின்னதா தெரியுது சார். ஆனா நல்லாதான் இருக்கு."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கடை வாசலிலேயே நின்று, அவனிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார்.

நிர்மலா குடையை மடக்கி வினோத்குமாரின் பக்கம் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. குரலில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

"அடுத்த வருஷம் சூரியனை என் ரூம்ல வச்சிப் பூட்டிடுங்க."