பீரோவின் கீழ்ப்பக்கம்

லாரிக்காரரும் அவர் மகளும் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த பாசத்தால் அந்தப் பீரோ இரண்டாவது மாடித் திருப்பத்தில் வசமாகச் சிக்கிக்கொண்டது.

வீடு மாற்றிக் கொடுப்பதுதான் அந்தக் குடும்பத்தின் தொழில். அப்பா லாரி ஓட்டுவார், சாமானும் தூக்குவார். பள்ளிப் படிப்பு முடிந்த நாளிலிருந்து மகளும் கூடவே தூக்குகிறாள். ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தும் வீட்டில் அவளுக்கு இன்னும் குட்டி என்றுதான் பெயர். அம்மாக்காரி போனில் வேலை பிடிப்பாள், வாடிக்கையாளரைச் சமாளிப்பாள், இந்த இரண்டு பிடிவாதக்காரர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பாள். மூன்றில் எது கஷ்டமான வேலை என்று அவளைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

பீரோவைப் படியில் இறக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கீழ்ப்பக்கம் பிடிக்கிறவர் மேல்தான் கனமெல்லாம் வந்து இறங்கும். மேல்பக்கம் பிடிக்கிறவர் வழி பார்த்துத் திருப்பிவிட்டால் போதும். ஆனால் கீழ்ப்பக்கம் இருப்பவர் சொல்வதுதான் சட்டம். அவர் "இறக்கு" என்றால் இறக்க வேண்டும், "நில்லு" என்றால் நிற்க வேண்டும், எதிர்ப்பேச்சு கூடாது. லாரிக்காரர் இதுவரை கீழ்ப்பக்கத்தை எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வலது தோள் பழுதாகி, கையைத் தூக்கித் தலை வார முடியாமல் போன பிறகும் விடவில்லை. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்கென்று பணமும் எடுத்து வைத்தாகிவிட்டது. "ஆஸ்பத்திரியிலேயே தள்ளிப் போட்டுட்டாங்க" என்று போன வாரம்தான் மனைவியிடம் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதால் அவளும் நம்பிவிட்டாள்.

இப்போது படியில் நடந்தது இதுதான். அப்பாவின் தோளுக்குக் கனம் போகக்கூடாது என்று குட்டி மேலிருந்து பீரோவை இழுத்துப் பிடித்தாள். மகள் கைக்குக் கனம் போகக்கூடாது என்று அவர் கீழிருந்து முட்டுக் கொடுத்தார். கீழே இறங்க வேண்டிய பீரோ ஒரு படி மேலே ஏறி, மூலை கைப்பிடிக் கம்பியில் மாட்டி, அசையாமல் நின்றது.

"ரெண்டு பேரும் தூக்குறீங்க. இறக்குறது யாரு?" என்று அம்மாக்காரி கீழேயிருந்து கேட்டாள்.

"இந்தப் படியை வரைஞ்சவன் வாழ்க்கையில ஒரு பீரோவாவது தூக்கியிருப்பானா?" என்றாள் குட்டி, மூச்சு வாங்க.

அவள் கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டதே இதனால்தான். ஊரிலுள்ள கோணல் படிகளையெல்லாம் தோளால் அளந்தவள் அவள். கல்லூரி நேர்முகத் தேர்வில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டபோதும் இதையே சொல்லியிருக்கிறாள். அவர்கள் சிரித்துவிட்டு இடம் கொடுத்துவிட்டார்கள்.

இடம் கிடைத்த அன்றே வீட்டில் சண்டையும் ஆரம்பித்தது. பெற்றவன் இருக்கும்போது பிள்ளை ஏன் பீஸ் கட்ட வேண்டும் என்பார் அவர். படிக்கப் போகிறவள் நான், கட்டப் போகிறவளும் நான் என்பாள் அவள். மற்ற ஆட்களுக்குக் கொடுக்கிற அதே கூலியை வாங்கிச் சேர்த்து வைத்திருந்தாள். "அதுவும் என் காசுதானே" என்று அவர் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் மகள் முகம் கொடுத்துப் பேசாமல் அனுபவித்தார். இருவர் சொல்வதும் அம்மாக்காரிக்கு நியாயமாகவே பட்டது. அவளுக்கு அதுதான் தலைவலி.

அப்போதுதான் போன் அடித்தது. கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"உங்க பொண்ணுக்கு பீஸ் ரெண்டு தடவை வந்திருக்குங்க. ஒண்ணு அவங்க கணக்குலேர்ந்து, இன்னொண்ணு அவங்க அப்பா கணக்குலேர்ந்து. எதை வெச்சுக்கிட்டு எதைத் திருப்பட்டும்?"

அம்மாக்காரிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. ஆஸ்பத்திரி எதையும் தள்ளிப் போடவில்லை. இந்த மனுஷன் தோளைக் கொண்டுபோய்க் கல்லூரியில் கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"இப்பவே சொல்லணுமா?"

"இன்னிக்குள்ள சொல்லிட்டா உடனே திரும்பிடும். இல்லேன்னா ரெண்டும் உள்ள மாட்டிக்கும். வெளிய வர மாசக்கணக்காகும்."

மாதக்கணக்கில் காத்திருக்க அந்தத் தோளுக்குத் தெம்பு கிடையாது. "கொஞ்சம் இருங்க" என்று போனைக் கையில் பிடித்தபடியே அவள் படியேறினாள்.

"பீரோவை அப்படியே கம்பியில சாய்ச்சு வைங்க. பேசணும்."

அவள் குரலைக் கேட்டதும் இருவரும் மறுபேச்சில்லாமல் சாய்த்து வைத்தார்கள். விஷயத்தைச் சொன்னாள். திருட்டுத்தனம் பிடிபட்ட இரண்டு முகங்களும் ஒரே மாதிரி சுவரைப் பார்த்தன. அப்பனுக்கும் மகளுக்கும் மூக்கு மட்டும்தான் ஒன்று என்று இதுவரை நினைத்திருந்தாள்.

"அவ காசைத் திருப்பச் சொல்லு" என்றார் அவர்.

"அப்பா காசைத் திருப்பச் சொல்லும்மா" என்றாள் மகள். "அவரு தோளை வித்துக் கட்டின பீஸ்ல போய் உக்காந்தா எனக்குப் படிப்பு ஏறுமா?"

லாரிக்காரர் கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பாகிட்ட காசு இருந்துச்சு" என்றார். "உன் கால்ல நீ நில்லுன்னு சொல்லிட்டாரு. தப்புன்னு சொல்லல. நின்னுட்டேன், நல்லாத்தான் நிக்கறேன். ஆனா அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இன்னும் மறக்கல. என் பொண்ணுக்கு அப்படி இருக்கக் கூடாது."

இத்தனை வருஷத்தில் இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்படி ஒரு மனிதரோடு வாழ்கிறோம் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அவருக்குச் செலவு வைக்கக் கூடாது என்றே, வெயிலில் மூட்டை தூக்கிச் சேர்த்ததை அப்படியே கட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்த மகளை நினைத்தாலும் பெருமையாக இருந்தது. இரண்டு பேரையும் கட்டிக்கொள்ளத் தோன்றியது. இரண்டு பேரையும் நாலு சாத்து சாத்தவும் தோன்றியது.

போனைக் காதில் வைத்தாள்.

"ஏங்க, அப்பா கட்டினதை வெச்சுக்குங்க. பொண்ணு கட்டினதை அவ கணக்குக்கே திருப்பிடுங்க."

லாரிக்காரரின் முகம் மலர்ந்தது. குட்டியின் முகம் தொங்கிவிட்டது. அம்மாக்காரி அவள் பக்கம் திரும்பினாள்.

"குட்டி, காசு வந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. அப்பா ஆபரேஷனுக்கு நீ கட்டு."

"பிள்ளை காசுல எனக்கு வைத்தியமா?" அவர் பதறிப்போனார். "அதெல்லாம் சரிப்படாது. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

"அவளுக்கும் இத்தனை நாளா அப்படித்தான் இருக்கு" என்றாள் மனைவி.

அவர் படியில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, பீரோவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள் அம்மாக்காரி.

கொஞ்சம் கழித்து லாரிக்காரர் எழுந்தார். கைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பீரோவைச் சுற்றிக்கொண்டு இரண்டு படி ஏறிப்போய் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். குட்டி அசையாமல் நின்றாள்.

"என்ன பாக்குற? கீழ போ" என்றார். "ஆபரேஷனுக்கு நீதானே கட்டப் போறே, கீழ்ப்பக்கமும் நீயே தூக்கு."

குட்டி கீழே இறங்கி, முழங்காலை மடக்கி, கனத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள். அம்மாக்காரி சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். மகளின் கழுத்து நரம்பு புடைத்தது. அதைப் பார்த்ததும் அவர் கைகள் பழக்கதோஷத்தில் மறுபடி இழுத்துப் பிடிக்கப் போயின.

"தூக்காதீங்கப்பா" என்றாள் குட்டி. "விடுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

கீழ்ப்பக்கம் சொல்வதுதான் சட்டம். அவர் விட்டார். பீரோவின் மூலை கம்பியைவிட்டு விலகி மெல்லத் திரும்பியது.

"இறக்குங்க" என்றாள்.

"சரிம்மா" என்றார் அவர்.