வலது பின்சக்கரத்தில் ஓர் உரசல்

கலினின் எடை தொண்ணூறு கிலோ. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. ரேலிப் பந்தயப் படிவங்களிலும் கூசாமல் அதையே எழுதுவான். மனைவி ரைனா காரை விரட்டுவாள்; அவன் வலப்பக்கம் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து அடுத்த வளைவைச் சொல்வான்.

இந்த வருடம் ரைனா ஒன்பது அங்குல அகலத்தில் புது வீல்கள் வாங்கிவிட்டாள். சனிக்கிழமை பந்தயம். டயர்தான் இன்னும் முடிவாகவில்லை. செவ்லியெவோ ஊரில் டயர் கடை வைத்திருக்கும் மிஞ்சோ 245 மில்லிமீட்டர் அகலம் போதும் என்றார். அவளோ 255தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"பழசு 225/45. இப்ப 255/40 போட்டா உயரம் ஒண்ணரை மில்லிமீட்டர்தான் கூடும், மிஞ்சோண்ணே. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"உயரம் சரிதாம்மா. அகலம் எங்க போய் உக்காரும்? மட்கார்டு ஓரத்த ஏற்கெனவே மடிச்சாச்சு. இனிமே மடிக்க அதுல ஒண்ணுமில்ல."

ரைனா வாயால் ஜெயிக்கிற ஆள் இல்லை. 255ஐ மாட்டச் சொல்லி, உரசினால் தடம் தெரியட்டும் என்று மட்கார்டின் உள் ஓரத்தில் களிமண்ணை அப்பினாள். கலினின் இருக்கையில் சரியாகத் தொண்ணூறு கிலோ உருளைக்கிழங்கு மூட்டைகளை வைத்து, பெல்ட் மாட்டி, மலைப்பாதையில் ஒரு சுற்று போய் வந்தாள். களிமண்ணில் ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்தீங்களா? கலின், மூட்டைய எறக்கிட்டு நீ ஏறு."

கலின் கையிலிருந்த பானிட்சாவின், அந்தச் சீஸ் பலகாரத்தின், கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஏறினான். முதல் இடது வளைவிலேயே பின்னால், அவன் பக்கம், கர்ரென்று சத்தம். திரும்பி வந்து பார்த்தால் களிமண் வழித்தெடுத்ததுபோல் போயிருந்தது.

மிஞ்சோ மூட்டைகளைப் பார்த்தார். கலினைப் பார்த்தார்.

"உருளைக்கிழங்கு பொய் சொல்லாதும்மா. பேசாம உன் தம்பி யாவோர ஏத்திக்க. அறுபது கிலோ. 255 ஜம்முனு நிக்கும்."

கலின் பானிட்சா இல்லாமல்கூட இருந்துவிடுவான். அந்த இருக்கை இல்லாத சனிக்கிழமையை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒரு மாதமாக ரைனா இந்த டயரின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் அவனுக்குத் தெரியும்.

"நூத்திப் பன்னெண்டு கிலோ," என்றான், தரையைப் பார்த்து.

ரைனா மிச்சக் களிமண்ணைச் சுரண்டி உருண்டையாக உருட்டினாள்.

"போன வருசம் உனக்குக் காய்ச்சல்னு யாவோர ஏத்தினேன். பாலம் தாண்டினதும் வலதுன்னு கத்தினான். அங்க வலது பக்கம் ஆறு." உருண்டையைக் கலினின் தொப்பைமேல் எறிந்தாள். "மிஞ்சோண்ணே, 245ஐ எடுங்க."

மிஞ்சோ டயர்களை மாற்றி, கடைசி நட்டையும் இறுக்கினார். கலின் மெதுவாக ரைனா பக்கம் வந்து நின்றான்.

"ரைனா."

"என்ன?"

"நூத்திப் பதினஞ்சு."

அவள் குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"சரி. அதுக்கும் இடம் இருக்கு."